சிங்கப்பூர் அக்காவுக்கு ஒரு பான் எண்: மேலூர் கடைக் குறிப்புகள்

2024 ஏப்ரல் 8, திங்கள்

பான், அதாவது வருமான வரித்துறை தரும் நிரந்தரக் கணக்கு எண்ணுக்கு விண்ணப்பம் போடாத நாளே நம் ஆன்லைன் சேவைக் கடையில் கிடையாது. ஆதாரும், அதோடு இணைந்த செல் நம்பரும் கையில் இருந்தால் டீ ஆறுவதற்குள் இ-பான் வந்துவிடும். இன்றைக்கு வந்தது வேறு ரகம்.

வில்லங்கம் பார்க்க அடிக்கடி வரும் அண்ணன் ஒருவர் தன் அக்காவைக் கூட்டி வந்தார். எண்பதுகளில் கல்யாணமாகி சிங்கப்பூர் போனவர். அங்கேயே குடியுரிமையும் வாங்கிவிட்டார். சித்திரைத் திருவிழாவுக்கு வந்திருக்கிறார். மேலூரில் அப்பா விட்டுப்போன வீட்டுக்கு ஆள் வந்து விலை பேசி முடித்தாயிற்று. பத்து லட்சத்துக்கு மேல் போகும் கிரயம், அதனால் விற்கிற இரண்டு பேருக்கும் பான் வேண்டும் என்று பத்திர எழுத்தர் சொல்லி அனுப்பியிருக்கிறார். தம்பிக்கு இருக்கிறது, அக்காவுக்கு இல்லை.

முதலில் கேட்டது, "எப்பவாச்சும் பான் வாங்கியிருக்கீகளாக்கா?" என்றுதான். ஒருவர் இரண்டு எண் வைத்திருந்தால் வருமான வரிச் சட்டத்தின் 272பி பிரிவில் பத்தாயிரம் ரூபாய் அபராதம் உண்டு. பழைய எண் இருந்தால் புதிதாகப் போடக்கூடாது, இருப்பதைத் திருத்த வேண்டும். வாங்கியதே இல்லை என்றார்.

49ஏஏ பாரத்தை எடுத்து வைத்ததும் அக்கா முகம் மாறிவிட்டது. "ஏந்தம்பி, நான் பொறந்தது அங்கிட்டு அழகர்கோவில் ரோட்டுலதான். எனக்கு எதுக்கு வெளிநாட்டுக்காரவுக பாரம்?"

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயில் முப்பது வருஷம் இருந்தாலும் 49ஏ. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் என்றால் மேலூரிலேயே குடியிருந்தாலும் 49ஏஏ. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். அது காலாகாலத்துக்குமான விசா மாதிரி, குடியுரிமை ஆகாது. சொன்னேன். தலையாட்டினார், ஆனால் சமாதானம் ஆகவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

தம்பிக்காரர் மட்டும் வந்தார். யாரோ ஒரு தரகர், "அக்காவோட பழைய வாக்காளர் அட்டை இருக்குல்ல, உங்க வீட்டு ரேஷன் கார்டுலயும் பேரு இருக்கு, ஒரு ஆதாரைப் போட்டுட்டு இந்தியர்னு பான் எடுத்துரலாம்" என்றாராம். ரெண்டே நாள் வேலையாம், ஐயாயிரம் ரூபாயாம்.

எனக்குக் கோபம் வந்தது. வேறு நாட்டுக் குடியுரிமையை ஒருவர் தானாக வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது, 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அது. அதற்கப்புறமும் இந்தியர் என்று கையெழுத்துப் போட்டால் அது பொய் உறுதிமொழி. நாளைக்கு வீடு விற்ற பணம் வங்கிக்கு வரும்போது மேலாளர் பாஸ்போர்ட்டைக் கேட்பார், அங்கே மாட்டும். "அண்ணே, தரகர் அன்னைக்கு வரமாட்டாரு" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

ஏப்ரல் 10, புதன்

இன்று முழுக்கப் பெயர்தான். இந்த வேலையில் உயிரை வாங்குவது இதுதான்.

பாரத்தில் முதல் கட்டமே கடைசிப் பெயர், அதாவது குடும்பப் பெயர். கட்டாயம். நம்மவர்களில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது? சொந்தப் பெயர் ஒன்று, முன்னால் அப்பாவின் முதலெழுத்து, அவ்வளவுதான். பாரத்தில் இனிஷியல் எழுதக்கூடாது, விரித்து எழுத வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர் என்றால் அதைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் காலியாக விடுவோம்.

அக்காவின் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே வரியாக ஓடுகிறது: சொந்தப் பெயர், பிறகு அப்பா பெயர். எது முதல், எது கடைசி என்று அதில் பிரித்துக் காட்டவில்லை. கல்யாணப் பத்திரிகையில் கணவர் பெயர் சேர்ந்திருக்கிறது. வாரிசுச் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கிறது. வீட்டின் மூலப்பத்திரம் அப்பா பெயரில், அவர் பெயருக்கு முன்னால் தாத்தாவின் இனிஷியல். மேஜை முழுக்கக் காகிதம்.

வழி விட்டது ஓசிஐ அட்டை. அதற்கு விண்ணப்பித்தபோதே அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அதையே பின்பற்றினேன். வாரிசுச் சான்றிதழோடு இடிக்குமே என்றார் தம்பிக்காரர். பத்திர எழுத்தரிடம் போனில் கேட்டேன். "இனிஷியல் பேரை எழுதி, 'என்கிற'னு போட்டு முழுப்பேரையும் எழுதிக்கிருவோம், அதெல்லாம் நடக்குறதுதான்" என்றார்.

ஏப்ரல் 12, வெள்ளி

முகவரிச் சான்று. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டில் வீட்டு முகவரி அச்சிடுவதில்லை. அவர்களுடைய அடையாள அட்டையின் பின்பக்கம் முகவரி இருக்கிறது, அக்கா அதைத்தான் பெருமையாக நீட்டினார். ஆனால் வெளிநாட்டு அடையாள எண்ணைச் சான்றாகக் கொடுத்தால் அதில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஒரு நாட்டு ஆவணம் இன்னொரு நாட்டில் செல்லும்படி போடும் சான்று வேண்டும், அல்லது அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் வேண்டும். சிங்கப்பூர் 2021 முதல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது, அங்கேயே போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். இப்போது அதற்காகத் திரும்பிப் போக முடியுமா?

பட்டியலை வரி வரியாகப் படித்தால் எளிய வழி ஒன்று இருக்கிறது: வசிக்கும் நாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை. மகளிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் வாங்கி அச்செடுத்தோம். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் நகல், முகவரிக்கு இது. முடிந்தது.

பாரத்தில் கேஒய்சி, அதாவது 'உங்கள் வாடிக்கையாளரை அறிக' என்று ஒரு நீளமான பகுதி வருகிறது. வருமான அடுக்கு, அரசியல் தொடர்பு என்றெல்லாம் கேட்கும். இங்கே பங்குச்சந்தையில் முதலீடு செய்யும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கானது, அக்காவுக்கு வேண்டாம்.

ஏப்ரல் 15, திங்கள்

ஆன்லைனில் ஏற்றி, 1,017 ரூபாய் கட்டியாயிற்று. அட்டை வெளிநாட்டு முகவரிக்குப் போவதால் இந்தத் தொகை. உள்நாடு என்றால் 107-தான். தபால் செலவை நம் தலையில் கட்டுகிறார்கள், ஆனால் அக்கா மாசக் கடைசியில் கிளம்புகிறார், அட்டை அங்கே போவதுதான் சரி.

ஆதார் இல்லாததால் மின் கையெழுத்து முடியாது. அச்செடுத்து, 3.5க்கு 2.5 சென்டிமீட்டர் கலர் போட்டோ இரண்டு ஒட்டினோம். ஸ்டேப்ளர் அடித்தால் திரும்பி வரும். இடதுபக்கப் போட்டோ மேல் பாதியும் தாளில் பாதியும் படும்படி ஒரு கையெழுத்து. வலதுபக்கப் போட்டோவில் பேனா படக்கூடாது, அதற்குக் கீழே உள்ள கட்டத்துக்குள் இன்னொன்று. அக்கா தமிழில்தான் கையெழுத்துப் போட்டார், பாஸ்போர்ட்டிலும் அப்படித்தானாம். கட்டத்துக்கு வெளியே கால் நீட்டாமல் போடச் சொல்லி வெள்ளைத் தாளில் பழக விட்டேன். "நாலாப்புல சிலேட்டுல எழுதுன மாதிரி இருக்கு தம்பி" என்று சிரித்தார்.

உறை மேல் 15 இலக்க ஒப்புகை எண். விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் புனே அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்ட். விண்ணப்பித்த 15 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். தேர்தலும் திருவிழாவும் சேர்ந்து வருவதால் இன்றைக்கே அனுப்பச் சொன்னேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் பதிவு. கடை லீவு. வாக்குச்சாவடி வாசலில் அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஓசிஐ-க்கு ஓட்டு இல்லை. தம்பிக்காரர் மை விரலைக் காட்டிக் கேலி பண்ண, "போடா, எங்கூர்ல ஓட்டுப் போடலைன்னாதான் தப்பு" என்றார்.

ஏப்ரல் 24, புதன்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். ராத்திரி வீடு வந்து சேரவே மணி ஒன்று. காலையில் கடையில் பாதித் தூக்கத்தில் ஒப்புகை எண்ணைப் போட்டுப் பார்த்தேன்: ஆவணங்கள் புனே வந்து சேர்ந்து பரிசீலனையில் இருக்கின்றன.

மே 7, செவ்வாய்

எண் வந்துவிட்டது. அக்கா சிங்கப்பூரிலிருந்து தம்பி போனில் வீடியோ காலில் வந்தார். இ-பான் கோப்பு திறக்கவில்லை என்று பதற்றம். கடவுச்சொல் பிறந்த தேதிதான்: நாள், மாதம், வருஷம், எட்டு இலக்கம். திறந்தது. நாலாவது எழுத்து 'பி', தனிநபருக்கு அது. "அஞ்சாவதா 'எம்' இருக்கே, அது அப்பா எழுத்தா?" என்றார். ஆமாம், கடைசிப் பெயரின் முதல் எழுத்துதான் அந்த இடத்தில் வரும். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆதாரோடு இணைக்கணுமா என்று தம்பிக்காரர் கேட்டார். இந்தியக் குடிமகன் அல்லாதவருக்கு அது கிடையாது.

மே 9, வியாழன்

வீடு வாங்குபவர் வந்து, "ஐம்பது லட்சத்துக்குக் கீழதான, டிடிஎஸ் எதுக்கு?" என்றார். டிடிஎஸ் என்பது வாங்குபவரே விலையில் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டும் வரி. அதில் ஒரு சதவீதக் கணக்கும் ஐம்பது லட்ச வரம்பும் உள்நாட்டில் வசிப்பவர் விற்றால்தான். வெளிநாட்டில் வசிக்கும் அக்காவின் பங்குக்கு வருமான வரிச் சட்டத்தின் 195-ஆம் பிரிவு. வரம்பே இல்லை, எவ்வளவானாலும் பிடிக்க வேண்டும். தம்பி பங்குக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரே வீடு, ஒரே அப்பா, இரண்டு கணக்கு. மனிதர் நம்பவில்லை, ஆடிட்டரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். ஆடிட்டரும் அதையே சொன்னார். லாபத்துக்கு ஏற்றபடி குறைத்துப் பிடிக்க வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம், அதற்கு அக்காவின் பான் எண்தான் வேண்டும் என்றார். வந்துவிட்டது என்றேன்.

அக்கா இனி கிரயத்துக்கு வரப்போவதில்லை. அங்கே இந்தியத் தூதரகத்தில் தம்பிக்குப் பவர் எழுதி அனுப்புகிறார். இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

வரி பிடித்துக் கட்டுபவருக்கான டான் எண் வாங்குபவரிடம் இல்லை. பிடித்த வரியை 195-இல் கட்ட அது வேண்டும். திங்கட்கிழமை பான் நகலோடு வரச் சொல்லியிருக்கிறேன். டானுக்கான பாரம் 49பி, கட்டணம் 77 ரூபாய்.