விடுதலைச் சான்று கைக்கு வரும் வரை

செங்கல் சூளையிலிருந்து என் சித்தப்பா குடும்பத்தை மீட்டது எப்படி என்று எங்கள் இருளர் குடியிருப்புகளிலிருந்து நிறைய பேர் போன் செய்து கேட்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

சித்தியின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக மேஸ்திரி மூலம் வாங்கிய முன்பணம் 25,000 ரூபாய். இரண்டு பேரும் இருட்டிலேயே எழுந்து மண் மிதித்துக் கல் அறுத்தார்கள். வாரச் செலவுக்குக் கொடுத்ததெல்லாம் கடனில் ஏறியது. சீசன் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் கூடியிருக்கும். ஊரில் சாவு என்றால்கூட ஒருவரைச் சூளையில் விட்டுவிட்டுத்தான் இன்னொருவர் வர முடியும். பாட்டி இறந்தபோது சித்தப்பா மட்டும்தான் வந்தார். சித்தியையும் பிள்ளைகளையும் அனுப்பவில்லை.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தோம். கடன் தொகையைவிட இந்தச் சாவுச் சேதியைத்தான் மனுவில் விரிவாக எழுதினேன். வெளியே போக முடியாது, வேறு இடத்தில் வேலை தேட முடியாது, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடையாது. கொத்தடிமை என்பதற்கு இவைதான் அடையாளம்.

விசாரணைக்கு வந்தவர்கள் முதலில் கேட்டது, "அடித்தார்களா? பூட்டி வைத்தார்களா?" சித்தப்பா இல்லை என்றார். அதோடு முடிந்துவிடும்போல இருந்தது. கூட வந்த வக்கீல் அக்கா விடவில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்பு என்று 1982இல் உச்ச நீதிமன்றம் ஏசியாட் (ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானப் பணி) தொழிலாளர் வழக்கில் சொன்னதை எடுத்துக் காட்டினார். ஓனர் ஒரு கைநாட்டுப் பத்திரத்தை நீட்டினார், விருப்பப்பட்டு வேலை செய்கிறார்களாம். 1976ஆம் வருஷக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, கொடுத்த முன்பணம் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர்தான். இதை மனப்பாடமாக வைத்திருங்கள். அப்புறம், சூளையில் வைத்து விசாரிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது யார் வாய் திறப்பார்? ஆபீசுக்குக் கூட்டிப் போய்த் தனித்தனியாகக் கேட்ட பிறகுதான் சித்தி எல்லாவற்றையும் சொன்னார்.

கோட்டாட்சியர் கையெழுத்திட்ட விடுதலைச் சான்று வந்ததும் கடன் முழுக்க ரத்து. ஆனால் முதலில் சித்தப்பா பெயருக்கு மட்டும்தான் எழுதியிருந்தார்கள். கூடவே கல் அறுத்த சித்தி "குடும்ப உறுப்பினர்" ஆகிவிட்டார். எனக்கு மனசு கொதித்தது. மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம். சான்று இல்லாவிட்டால் அந்தப் பணம் இல்லை. திரும்ப மனு போட்டு சித்திக்கும் தனியாக வாங்கினோம்.

உடனடி உதவியான 30,000 ரூபாய் ஆளுக்கு ஆள் வங்கிக் கணக்கில் வந்தது. மீதிப் பணம் வழக்கு முடிந்த பிறகுதான் என்கிறார்கள். இது பெரிய அநியாயம். ஓனர் குற்றவாளி என்று நிரூபிப்பது அரசாங்கத்தின் வேலை. அதுவரை இந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? கையில் ஒன்றுமில்லை என்றால் திரும்ப முன்பணம் கொடுக்க அதே மேஸ்திரி வாசலில் வந்து நிற்பார். ஓனருக்கோ கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அதிகபட்சம் மூன்று வருஷச் சிறை, அபராதம் 2,000 ரூபாய். 1976இல் வைத்த தொகை இன்னும் மாறவில்லை.

எங்கள் வழக்கு இன்னும் நடக்கிறது. இதில் எங்களைத் தாங்கிப் பிடித்தது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் வழக்குப் பதிவு செய்ய வைத்ததுதான். இருளர் போன்ற பழங்குடியினரைக் கொத்தடிமையாக வைப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம். அதில் நிவாரணத்தின் ஒரு பகுதி எஃப்.ஐ.ஆர். போட்டதுமே கிடைக்கும், இன்னொரு பகுதி குற்றப்பத்திரிகை போனதும். ஸ்டேஷனில் இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். சாதிச் சான்றைக் கையோடு கொண்டு போய், அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள்.