படம் வந்து இரண்டு நொடியில் இருளும் மானிட்டர்: பழுது நாட்குறிப்பு

ஜூன் 8, சனி

19 அங்குல எல்சிடி மானிட்டர், பழைய சதுர வாட்டம், 1280 × 1024. பின்பக்க ஒட்டியில் 2008 என்று இருக்கிறது. எல்இடி காலத்துக்கு முந்தையது. உள்ளே, திரைக்குப் பின்னொளி தரும் சிசிஎஃப்எல் குழல்கள் (மெல்லிய ஃப்ளோரசன்ட் விளக்குகள்).

பவர் பட்டனை அழுத்தினால் படம் பளிச்சென்று வருகிறது, இரண்டு நொடியில் திரை இருண்டுவிடுகிறது. பச்சை விளக்கு மட்டும் அணையாமல் எரிகிறது. பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் ஏதோ ஒரு தடவை நின்று எரிகிறது. காலையில் பத்துப் பன்னிரண்டு தடவை அமுக்க வேண்டும், மதியம் மூன்றே தடவை. சூடேறினால் சரியாகிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடுகிறது. எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்துத் தரும், உள்ளே திரவம் உள்ள உருளை) காய்ந்து போனால் இப்படித்தான் நடக்கும்: உள்ளே மிச்சமிருக்கும் திரவம் சூட்டில் கொஞ்சம் நன்றாகக் கடத்தும்.

ஆனாலும் திறப்பதற்கு முன் டார்ச் சோதனை. அறையை இருட்டாக்கி, திரை இருண்டிருக்கும்போது டார்ச்சைச் சாய்த்து, கண்ணாடியை ஒட்டி அடிக்க வேண்டும். டெஸ்க்டாப் ஐகான்கள் நிழல் மாதிரி தெரிந்தன. அப்படியென்றால் பேனல், மெயின் போர்டு, கேபிள் எல்லாம் வேலை செய்கின்றன. பின்னொளி மட்டும் போகிறது. டார்ச்சில் எதுவுமே தெரியாவிட்டால் வழி வேறு: முதலில் கேபிளை மாற்றுவது, பிறகு மெயின் போர்டுக்கு 5 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பது. திரையில் நெடுக்குக் கோடு நிரந்தரமாக நின்றால் அது பேனல் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஃபிலிம் இணைப்பின் கோளாறு. வீட்டில் வைத்துச் செய்யும் வேலை அல்ல.

இன்னொன்றையும் கவனித்தேன். எரியும் அந்த இரண்டு நொடியும் வெளிச்சம் வெள்ளையாகவே இருக்கிறது. இளஞ்சிவப்பாகத் தொடங்கியிருந்தால் குழல் தேய்ந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். இப்போதைக்குக் குழல்மேல் பழி இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

திறந்தாயிற்று. ஸ்டாண்டைக் கழற்றினால் அதன் மறைவில் நான்கு ஸ்க்ரூ. முன்சட்டம் கொக்கிகளால் மாட்டியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரை நுழைத்தால் பிளாஸ்டிக்கில் பல் பதியும், பேனல் ஓரமும் நசுங்கும். பழைய ஏடிஎம் கார்டு போதும். கீழ் விளிம்பின் நடுவில் நுழைத்து, பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போனால் டக் டக் என்று விடும். பட்டன் போர்டின் ஒயர் முன்சட்டத்தோடு சேர்ந்து வரும், இழுத்துவிடக் கூடாது. குழலுக்குப் போகும் நான்கு இணைப்பிகளையும் (சிவப்பு, வெள்ளை ஒயர்கள்) ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்து எடுக்க வேண்டும். கழற்றுமுன் ஒவ்வொரு நிலையிலும் போட்டோ.

பவர் போர்டில் கை வைப்பதற்கு முன் பெரிய கெபாசிட்டர். 120 மைக்ரோஃபாரட், 450 வோல்ட். 230 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை செய்தால் (டிசியாக மாற்றினால்) அதில் ஏறக்குறைய 325 வோல்ட் டிசி நிற்கும். இங்கே பலர் தலைகீழாக நினைக்கிறார்கள்: ஓடுகிற போர்டைவிடச் செத்த போர்டுதான் ஆபத்து. ஓடுகிற போர்டு, ஒயரைப் பிடுங்கியதும் அந்தச் சார்ஜைத் தானே தின்று தீர்த்துவிடும். செத்த போர்டில் அது அப்படியே உட்கார்ந்திருக்கும். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் இன்சுலேஷன் உள்ள ஒயரைப் பற்றவைத்து, கெபாசிட்டரின் இரு காலுக்கும் குறுக்கே ஐந்து நொடி வைத்தால் போதும். கணக்குப்படி ஒன்றரை நொடிக்குள் வடிந்துவிடும். பிறகும் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடும் பழக்கம் கெபாசிட்டருக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல.

16 வோல்ட் வரிசையில் (பின்னொளிக்கு மின்சாரம் போகும் தடம்) இரண்டு 1000 மைக்ரோஃபாரட் / 25 வோல்ட் கெபாசிட்டர். இரண்டின் தலையிலும் உள்ள வெட்டுக்கோடு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஒன்றில் கோடு சந்திக்கும் இடத்தில் பழுப்பாக ஒரு பொருக்கு, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. உள்ளே உண்டான வாயு வெளியேற வழி தேடிய இடம். இரண்டுமே வெப்பத்தகட்டை (ஹீட் சிங்க்) ஒட்டி, விரல் நுழையாத இடைவெளியில் நட்டிருக்கிறார்கள்.

ஜூன் 10, திங்கள்

அளவெடுப்பு. திறந்த போர்டைத் திரும்ப மாட்டி, மீட்டரை 16 வோல்ட் வரிசையில் வைத்தேன். கறுப்பு முனையை வைக்கும் இடம் முக்கியம். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் ஹாட் கிரவுண்டு (வீட்டு மின்சாரத்தோடு தொடர்புள்ளது), இந்தப் பக்கம் கோல்டு கிரவுண்டு (அதிலிருந்து பிரிந்தது), இரண்டும் ஒன்றல்ல. போர்டின் அடியில் நடுவே செம்பே இல்லாத அகலமான வெற்றுக்கோடு ஓடுவது அந்த எல்லை. மெட்டல் சட்டத்தில் கறுப்பை வைத்தால் சரியாக இருக்கும்.

ஸ்டாண்ட்பையில் 16.1 வோல்ட். பட்டனை அழுத்தியதும் 11-க்கு விழுந்து, திரை இருண்டதும் மறுபடி 16. குழல் பற்றும் நேரத்தில்தான் இன்வெர்ட்டர் (குழலுக்கு உயர் வோல்டேஜ் உண்டாக்கும் பகுதி) அதிகம் இழுக்கும். கெபாசிட்டரில் பலம் இருந்தால் அந்த நேரத்தைத் தாங்கிக் கொடுக்கும். இல்லாததால் வோல்டேஜ் சரிகிறது, கன்ட்ரோல் ஐசி (இதில் ஓஇசட் 9938) ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறது. மெயின் போர்டிலிருந்து வரும் ஆன்/ஆஃப் பின்னில் திரை இருண்ட பிறகும் 3.2 வோல்ட் நிற்கிறது. ஆக, அணைக்கச் சொன்னது மெயின் போர்டு அல்ல.

குழல் பிளக் மாட்டாமல் இன்வெர்ட்டரை ஓட்டிப் பார்க்கக் கூடாது. குழல் பற்ற ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் உண்டாகும். போக வழியில்லாமல் போர்டிலேயே பொறி தாவும்.

இனி இஎஸ்ஆர் மீட்டர். கெபாசிட்டரின் உள்தடையை அளப்பது, எண் கூடினால் கெபாசிட்டர் மோசம். சார்ஜ் வடித்தபின், போர்டில் வைத்தபடியே 16 வோல்ட் வரிசையில் அளந்தால் மூன்று கெபாசிட்டரும் 1.1 ஓம் என்று ஒரே எண்ணைக் காட்டின. உப்பிய இரண்டும், இன்வெர்ட்டர் பக்கம் இருக்கும், தலை தட்டையான 470 / 25-உம். மூன்றும் பக்க இணைப்பில் (பேரலல்) இருப்பதால் மீட்டருக்குத் தனித்தனியாகத் தெரியாது. கழற்றி அளந்தபோது 2.9, 4.1, தட்டையான அந்த 470-இல் 3.1. பார்வைக்குக் குறை சொல்ல முடியாத ஒன்று, உப்பியதில் ஒன்றைவிட மோசம். உப்பியதை மட்டும் மாற்றிவிட்டு மூன்று மாதத்தில் திரும்பவும் திறப்பவர்களின் கதை இதில்தான் இருக்கிறது.

ஜூன் 12, புதன்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் கெபாசிட்டர் வாங்கியது. 16 வோல்ட் வரிசைக்கு மூன்று, 5 வோல்ட் வரிசைக்கு மூன்று (1000 / 16 இரண்டு, 470 / 16 ஒன்று). 5 வோல்ட் பக்கம் இஎஸ்ஆர் இன்னும் பரவாயில்லை, 0.2 ஓம்தான், ஆனால் அதே வயது, அதே சூடு. ஆறும் சேர்த்து 150 ரூபாய்க்குள் முடிந்தது. இதில் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை.

கேட்க வேண்டியது இது: மைக்ரோஃபாரட் அதே, வோல்ட் அதே அல்லது மேலே, 105 டிகிரி, லோ இஎஸ்ஆர். கடையில் முதலில் கையில் எடுத்துக் கொடுப்பது 85 டிகிரி சாதாரண வகை. இந்தச் சூட்டில் அது நிற்காது. வோல்ட்டைக் கூட்டிக்கொண்டே போனால் உடல் பருத்து உட்காராது. அதனால் விட்டம், கால் இடைவெளி இரண்டையும் முன்பே அளந்துகொண்டு போவது நல்லது. 10 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 5 மில்லிமீட்டர் கால், 8-க்கு 3.5. ரூபிகான், நிச்சிகான், பானாசோனிக் பெயரில் போலிகள் உலவுகின்றன. வாங்கியதும் மீட்டரில் வைத்தால் தெரிந்துவிடும்: புதிய 1000 / 25 நான்கும் 0.03, 0.04 ஓம் காட்டின (ஒன்று கூடுதலாக வாங்கியது, இன்னொன்று டப்பாவில் கிடந்தது).

105 டிகிரி, 2000 மணி நேரம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். 75 டிகிரியில் 16,000 மணி. நாளுக்கு 8 மணி நேரம் என்றால் ஐந்தரை வருடம். 65-இல் பதினொரு வருடம். வெப்பத்தகட்டிலிருந்து கொஞ்சம் விலகி நிற்பதன் பலன் அது.

ஜூன் 15, சனி

பற்றவைப்பு. போர்டில் இருப்பது காரீயம் கலக்காத பற்று (சால்டர்), 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். நம்மிடம் இருக்கும் 63/37 (வெள்ளீயம்/காரீயம்) கம்பி 183-லேயே உருகும். பழைய பற்றின்மேல் புதியதைக் கொஞ்சம் விட்டுக் கலந்துவிட்டால் கூட்டின் உருகுநிலை இறங்கும், பற்று உறிஞ்சிக்கு எளிதாக வரும். இதைச் செய்யாமல் அயர்னை அழுத்திக்கொண்டே நின்றால் இந்தப் பழுப்பு நிற ஒற்றைப்பக்க போர்டில் செம்பு வட்டம் உரிந்து வந்துவிடும். ஒரு காலுக்கு மூன்று நான்கு நொடி, அதற்குள் வராவிட்டால் ஆறவிட்டு மறுபடி.

கெபாசிட்டரின் உடலில் கோடு போட்ட பக்கம் மைனஸ். போர்டில் பெரும்பாலும் நிழலிட்ட அரைவட்டம் மைனஸ், ஆனால் பெரும்பாலும்தான். போட்டோவோடு ஒத்துப் பார்த்துத்தான் நட வேண்டும். வெப்பத்தகடு ஓரத்து இரண்டையும் கால் சற்று நீளமாக விட்டு, எதிர்ப்பக்கம் சாய்த்து நட்டேன். 4 மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தது.

முதல் முறை மின்சாரம் நேராகக் கொடுக்கவில்லை, சீரிஸ் பல்பு (மின் ஒயரில் தொடராக இணைத்த பல்பு) வழியாக. 100 வாட் குண்டு பல்பு. மினுக்கென்று எரிந்து மங்கினால் ஷார்ட் இல்லை. முழு வெளிச்சமாக நின்றால் உடனே பிடுங்க வேண்டும். 40 வாட் பல்பைப் போட்டால் மானிட்டர் இழுக்கும் 35 வாட்டையே அது தடுத்து, இல்லாத பழுதைக் காட்டும். மங்கியது. பிறகு நேர் இணைப்பு: முதல் அமுக்கலிலேயே எரிந்தது. குழல் பற்றும்போது 15.7-க்கு இறங்கி 16-இல் நிற்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

முடியவில்லை. 25 நிமிடம் நன்றாக எரிந்துவிட்டு இருண்டது. உடனே போட்டால் எரிகிறது, ஐந்து நிமிடத்தில் மறுபடி போகிறது. முன்பு சூட்டில் சரியானது. இப்போது சூட்டில் கெடுகிறது. ஆகவே இது இரண்டாவது பழுது, முதலாவது மறைத்துவைத்திருந்தது. 16 வோல்ட் அசையவில்லை.

காய்ந்த ஐஸ்க்ரீம் மரக்குச்சியால், ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க, இன்வெர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மரை லேசாகத் தட்டினால் திரை துடிக்கிறது. பிடுங்கி, சார்ஜை வடித்து, நான்கு உயர்மின் சுருள்களையும் ஓமில் அளந்தேன். 870, 868, 872. நான்காவது எண் நிலைகொள்ளாமல் ஓடியது. அதே சுருளைச் செம்பு வட்டத்தில் அல்லாமல் பின்னின் நுனியிலேயே தொட்டு அளந்தால் 869. சுருளில் குறையில்லை, பற்றில்தான் விரிசல். சுருளே அறுந்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. மயிரிழைக் கம்பி, வீட்டில் சுற்ற வராது.

டார்ச்சைச் சாய்த்து லென்ஸில் பார்த்தால், பின்னைச் சுற்றி மோதிரம் போல ஒரு கறுப்புக்கோடு. ஒற்றைப்பக்க போர்டின் துளைச்சுவரில் செம்பு இல்லை. கனமான டிரான்ஸ்ஃபார்மரை அந்தச் சின்னப் பற்று மட்டும் தாங்குகிறது. சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, பதினாறு வருடத்தில் அறுந்திருக்கிறது. அந்தக் கோட்டின் ஓரம் பழுப்பு. சின்னதாகப் பொறி தாவிய இடம். மேலாக ஈயத்தைத் தடவி மூடினால் கரி உள்ளேயே நின்றுவிடும். பழையதை முழுக்க உறிஞ்சி, பின்னைப் பிளேடால் சுரண்டிப் பளபளப்பாக்கி, ஃப்ளக்ஸ் (பற்று நன்றாகப் பிடிக்க உதவும் பசை) தடவிப் புதிதாக வைத்தேன். கூடவே மற்றப் பின்களுக்கும் அதே.

ஜூன் 23, ஞாயிறு

ஒரு வாரம், நாளுக்கு ஏழு எட்டு மணி நேரம். ஒரு தடவைகூட இருளவில்லை. மூடியபின் பின்பக்கக் காற்றுத்துளை வழியே தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் ஒயர்) விட்டுப் பார்த்ததில், வெப்பத்தகட்டு ஓரத்துக் கெபாசிட்டரின் மேல் 68 டிகிரி. பிரைட்னஸ் 100-இல் இருந்தது. 60-க்குக் குறைத்து இரண்டு மணி நேரம் ஓட்டியதும் 61. அப்படியே விட்டிருக்கிறது.