ஒரே பேர்ல ரெண்டு ப்ராசஸ் (வளவு டெம்பரேச்சர் ப்ராஜெக்ட், பகுதி 3)

முட்டைப் பூச்சு சுவரு, உசரமான கூரை, உள்ள போனா ஏசி மாதிரி இருக்கும்னு எங்க கானாடுகாத்தான் வீட்டப் பத்தி எல்லாரும் பெருமையா சொல்லுவாங்க, ஆனா அளந்து பாத்தவங்க யாரையும் நான் பாத்ததில்ல. அதான் வளவுப் பத்தியில (வீட்டு நடு முற்றத்த சுத்தின தாழ்வாரம்) ஒரு தூணோரமா ராஸ்பெரி பைங்கற குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டர், அதுல டெம்பரேச்சர் அளக்கற ஒரு டிஎச்டி22 சென்சார், நிமிஷத்துக்கு ஒரு வரி ஃபைல்ல எழுதற சின்ன பைத்தான் ஸ்க்ரிப்ட். ஃபைல் பேரும் வளவுதான். வெளில இன்னொரு சென்சார் வைக்கறது அப்புறம்.

புதன்கிழமை மதியம் ஃபைலத் திறந்தா ஒரு கூத்து. காலைல 6 மணிக்கு கரண்ட் வந்ததுலேருந்து பத்தரை வரைக்கும் வரிசையா போயிட்டு, அதுக்கு அடுத்த வரி மறுபடி 6 மணி! திரும்ப பத்தரை வரைக்கும் அதே நேரமெல்லாம் இன்னொரு தடவை. நடுநடுவுல ரீடிங் காலி வேற. ஒரே பின்ன (சென்சார் வயர் மாட்டற கம்பி) ரெண்டு பேரு புடிச்சு இழுத்தா சென்சார் என்ன செய்யும் பாவம். சரி, ஸ்க்ரிப்ட் ரெண்டு காப்பி, அதாவது ரெண்டு ப்ராசஸா ஓடுதுன்னு புரிஞ்சுச்சு, எது எக்ஸ்ட்ரான்னுதான் தெரியல.

எல்லாரும் முதல்ல செய்யற மாதிரி பிஎஸ் ஏயுஎக்ஸ் (ஓடற எல்லா ப்ராசஸையும் காட்டறது) போட்டு பைப் வழியா கிரெப்புக்கு (வளவுங்கற வார்த்த இருக்கற வரிய மட்டும் காட்டறது) அனுப்பினேன். மூணு வரி வந்துச்சு. மூணா! கடைசி வரியில இருந்த பிஐடிய (ப்ராசஸ் நம்பர்) எடுத்து அத நிறுத்தற கில் கமாண்ட் போட்டா "அப்படி ஒரு ப்ராசஸே இல்ல"ங்குது. அப்பறந்தான் அந்த வரிய முழுசா படிச்சேன், அது கிரெப்பேதான். தேடற வார்த்த தேடறவன் கமாண்ட்லயும் இருக்குல்ல, தன்னையே கண்டுபுடிச்சு காட்டுது, நான் கில் அடிக்கறதுக்குள்ள அது வேலய முடிச்சுட்டு போயிருச்சு. தேடற வார்த்தையோட முதல் எழுத்த மட்டும் சதுர அடைப்புக்குள்ள போட்டு, மொத்தத்தையும் கோட்ஸுக்குள்ள வச்சா கிரெப் தன்ன காட்டாது. பழைய தந்திரம், இப்பவும் வேல செய்யுது.

அப்ப எனக்கு அந்த பொறுமை இல்ல. பிகில் (நம்பருக்கு பதிலா பேர வச்சு கில் பண்றது) பைத்தான்3ன்னு ஒரே அடி. அடிச்ச மறு செகண்டு ஞாபகம் வருது, காலைலேருந்து இன்னொரு பைத்தான் ஸ்க்ரிப்ட் ஓடிட்டிருக்கு, வளவு வாசல்ல வெயில் தூணுக்குத் தூண் நகர்றத டைம்லாப்ஸ் எடுக்கறது. அப்பத்தா வத்தல் காயப்போட்ட துணிய வெயில் பின்னாடியே இழுத்து இழுத்து போடறதெல்லாம் அதுல இருக்கும். மதியம் 2 மணியோட அது காலி.

இதுல சிரிப்பு என்னன்னா இந்த தப்ப செட்டிநாட்டுக்காரன் செஞ்சிருக்கவே கூடாது. எங்க பக்கம் பேரனுக்கு ஐயா பேரத்தான வைக்கறது, அதனால ஒரு கல்யாண வீட்ல நின்னு "சொக்கலிங்கம்"னு கூப்டா நாலு பேரு திரும்புவாங்க, விலாசத்தையும் (பேருக்கு முன்னால வர்ற குடும்ப இனிஷியல்) சேத்து சொன்னாத்தான் ஆளு சரியா வருவாரு. பைத்தான்3ங்கறது அந்த சொக்கலிங்கம். ஸ்க்ரிப்ட் எதுவா இருந்தாலும் ப்ராசஸ் பேரு பைத்தான்3தான், அதனால வெறுமனே பிகிரெப் (பேர வச்சு பிஐடி தேடறது) வளவுன்னு போட்டா ஒன்னும் வராது. மைனஸ் எஃப் போட்டாத்தான் முழு கமாண்ட் லைனையும் பாக்கும், கூடவே மைனஸ் ஏ போட்டா அந்த லைன காட்டவும் செய்யும்.

அன்னிக்கு எல்லாம் செத்தப்பறம் பத்து செகண்டுல ஒரு வளவு மட்டும் தானா எந்திரிச்சு வந்துச்சு. வளவு ஸ்க்ரிப்ட்ட தானா ஓட்டற சர்வீஸ் ஃபைல்ல ரீஸ்டார்ட் ஆல்வேஸ்னு நான்தான் எழுதி வச்சேன், அதனால கில் போட்டாலும் சிஸ்டம்டி (சர்வீஸ எல்லாம் பாத்துக்கற மேஸ்திரி) திரும்ப கிளப்பி விட்ரும். இப்ப ஒன்னுதான் ஓடுது, பிரச்னை தீந்துச்சுன்னு காரைக்குடி வேலயப் பாக்க கிளம்பிட்டேன்.

தீரல. வெள்ளிக்கிழமை கரண்ட் போய் வந்துச்சு, மறுபடி ரெண்டு.

இந்த தடவை நிதானமா. பிகிரெப் மைனஸ் ஏஎஃப் போட்டதுல ரெண்டு பிஐடி, 612, 745. அடுத்து சிஸ்டம்டிகிட்ட பேசற கமாண்ட், சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்னு போட்டு பக்கத்துல சர்வீஸ் பேருக்கு பதிலா வெறும் பிஐடி நம்பர குடுத்தேன். இது இத்தன வருஷமா எனக்குத் தெரியாது, அந்த ப்ராசஸ் எந்த சர்வீஸ சேந்ததுன்னு அதுவே சொல்லிருது. 745 என் வளவு சர்வீஸ். 612 கிரான், சொன்ன நேரத்துல ப்ராக்ராம தானா ஓட்டறது! பொங்கலுக்கு வந்தப்ப கிரான்டாப்ல (கிரானோட பட்டியல்) அட்ரீபூட்னு, அதாவது பூட் ஆகறப்பல்லாம் ஓட்டுன்னு, ஒரு வரி போட்டிருந்தேன், பங்குனில அத சர்வீஸா மாத்தினப்ப ஓடினத மட்டும் நிறுத்திட்டு அந்த வரிய அப்படியே விட்டுட்டேன். பேயும் இல்ல பூதமும் இல்ல.

612க்கு உடனே கில் போடல, ஏன்னா புதன்கிழமை இன்னொன்னும் போயிருந்துச்சு. 2 மணிக்கு நிறுத்தினேன், ஆனா ஃபைல்ல பத்தரையோட சரி. நடுவுல மூணரை மணி நேரம், அதுவும் நல்ல உச்சி வெயில் நேரத்து ரீடிங், எங்க போச்சு? என் ஒரு வரி 30 பைட், பைத்தான் சுமார் 8192 பைட் சேர்ற வரைக்கும் மெமரிலயே வச்சுக்கிட்டு அப்பறந்தான் ஃபைலுக்கு தள்ளுது, கணக்கு போட்டா நாலரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஃபைல்ல ஏன் மொத்தமா பத்தரை வரைக்கும் போயிட்டு திரும்ப 6க்கு வந்துச்சுன்னும் இப்ப புரிஞ்சுச்சு. கில்லுங்கறது ப்ராசஸுக்கு ஒரு சிக்னல் நம்பர அனுப்பறதுதான். நான் மைனஸ் 9 போடல, சாதா கில்தான், அதாவது சிக்டெர்ம், 15. அது மரியாதையா கேக்கறது, ப்ராசஸ் மூட்ட கட்டிட்டு போவும்னு நெனச்சேன். ஆனா நாம தனியா ஹேண்ட்லர் (சிக்னல் வந்தா என்ன செய்யணும்ங்கற கோட்) எழுதலன்னா பைத்தான் 15 வந்தாலும் பட்டுன்னு செத்துரும், கைல இருந்தது போச்சு. 9 இன்னும் மோசம், அத எந்த ப்ராக்ராமும் புடிக்கவே முடியாது, ஹேண்ட்லர் எழுதியும் பிரயோஜனம் இல்ல.

அதனால 612க்கு கில் மைனஸ் இன்ட், கன்ட்ரோல் சி அடிச்ச மாதிரி. அது பைத்தானுக்குள்ள எக்ஸெப்ஷனா வரும், வித் ஓப்பன்ல திறந்த ஃபைல் ஒழுங்கா மூடும். கடைசி வரி நான் அடிச்ச நிமிஷத்தோடவே நின்னுச்சு, பாக்கவே நல்லா இருந்துச்சு. கிரான்டாப் வரிய தூக்கியாச்சு.

அப்பறம் ஸ்க்ரிப்ட்ல 15க்கு ஹேண்ட்லர் எழுதினேன், ஓப்பன்ல பஃபரிங் 1னு போட்டேன், இப்ப ஒவ்வொரு வரியும் உடனே ஃபைலுக்கு போவுது. இனிமே நிறுத்தணும்னா கில் கிடையாது, சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப். அது முதல்ல 15 அனுப்பும், 90 செகண்டு பொறுத்துப் பாக்கும், அப்பவும் போகலன்னாத்தான் 9.

பிகில் மைனஸ் எஃப் போடறவங்களுக்கு ஒன்னு: அதே ஃபைல இன்னொரு டெர்மினல்ல நானோ எடிட்டர்ல திறந்து வச்சிருந்தா அந்த கமாண்ட் லைன்லயும் பேரு இருக்கும், நானோவும் சேந்து போயிரும். எனக்கு போச்சு. நல்லவேளை சாகும்போது சேவ்ங்கற வாலோட ஒரு காப்பி எழுதி வச்சிட்டு செத்துச்சு. முதல்ல பிகிரெப்ல பாத்துட்டு அதே வார்த்தைய அப்படியே பிகில்லுக்கு குடுங்க. கில்லால் பக்கம் நான் போறதே இல்ல, லினக்ஸ்ல அது பேர வச்சு கொல்லும், சோலாரிஸ்ங்கற இன்னொரு சிஸ்டத்துல அதே பேர்ல இருக்கற கமாண்ட் பேருக்கேத்த மாதிரி எல்லாத்தையும் கொன்னுரும்.

டைம்லாப்ஸ் மறுபடி எடுக்கணும். நாளைக்கு வத்தல் போடுவீங்களான்னு கேட்டதுக்கு அப்பத்தா, "போடாம என்னப்பு, ஒன் வயர மொதல்ல பத்தியிலேருந்து எடு, புதங்கெழம தடுக்கி விழப் பாத்தேன்"னு சொல்லிட்டு போயிட்டாக. வயர தூணுக்குப் பின்னாடி சுத்தி விட்ருக்கேன், காலைல 6 மணிக்கு கேமராவ ஓட்டணும்.