வெயில் காலப் பழக் குறிப்புகள்

ஏப்ரல் 4

தர்பூசணி வர ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் தட்டிப் பார்க்கிறார்கள், நான் முதலில் திருப்பித்தான் பார்ப்பேன். மண்ணில் கிடந்த பக்கம் நல்ல மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே முற்றியது என்று நம்பி எடுக்கலாம், வெளுத்திருந்தால் வேண்டாம். பறித்த பிறகு அதில் இனிப்பு ஏறாது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் ஜூஸுக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றவே கூடாது. விதையை எடுத்துவிட்டு மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டால் போதும். உப்புச் சுவை தெரியாது, ஆனால் இனிப்பைத் தூக்கிக் காட்டும். சர்க்கரை டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், பாதி நேரம் தேவையே இருக்காது.

ஏப்ரல் 10

எலுமிச்சை ஜூஸில் சர்க்கரை கரையாமல் அடியில் தங்குவது எனக்குப் பிடிக்காது. ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு கப் தண்ணீர் விட்டுச் சூடாக்கி, கரைந்ததும் இறக்கி ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டால் எந்தப் பழ ஜூஸுக்கும் உடனே கலக்கலாம். பழத்தைப் பிழியும்போது வெள்ளைத் தோல் நசுங்கும்வரை முறுக்க வேண்டாம், அதில்தான் கசப்பு.

ஏப்ரல் 19

இன்று அன்னாசி. இது கொஞ்சம் முரட்டுப் பழம். வேகவைக்காத அன்னாசியில் ப்ரோமெலைன் என்று ஒரு என்சைம் இருக்கிறது, அது புரதத்தை உடைக்கும். அதனால்தான் பாலோடு அடித்து வைத்தால் சிறிது நேரத்தில் கசக்கிறது, ஜெலட்டின் போட்டால் எவ்வளவு நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இறுகாது. வழி இருக்கிறது: துண்டுகளைச் சில நிமிடம் கொதிக்க வைத்தால் என்சைம் செயலிழந்துவிடும். அல்லது ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசி. அது புரதமே இல்லை என்பதால் அன்னாசியால் அதை ஒன்றும் செய்ய முடியாது, அப்புறம் ஃப்ரிட்ஜ் இல்லாமல்கூட இறுகிவிடும். நான் கடல்பாசியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, கண்ணாடி மாதிரி தெளிந்ததும் இறக்கி, ஆறிப்போவதற்குள் சாற்றைக் கலந்து தட்டில் ஊற்றினேன். சாறு ஜில்லென்று இருந்தால் அங்கங்கே கட்டி தட்டிவிடும், வெளியே வைத்து எடுத்ததுதான் சரி. கத்தியை வைத்ததும் ஓரம் பிசிறில்லாமல் வெட்டுப்பட்டு, சதுரம் சதுரமாகத் தட்டிலிருந்து கழன்று வந்தது, உள்ளே நார் நாராக அன்னாசி தெரிந்தது!

மே 3

மாம்பழக் குச்சி ஐஸ். நன்றாகப் பழுத்த பழத்தின் சதை, மேலே சொன்ன பாகு, எலுமிச்சை, அவ்வளவுதான். நாக்குக்குக் குளிர்ச்சியில் இனிப்பு குறைவாகத்தான் தெரியும், அதனால் உறையவைக்கும் கலவை மட்டும் குடிக்கும் பதத்தைவிட ஒரு படி தூக்கலாகவே இருக்கட்டும். இங்கே நான் சர்க்கரைக்குக் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது இருந்தால்தான் ஐஸ் கல்லாக இறுகாமல் பல்லுக்கு இதமாகக் கடிபடும். அச்சில் கழுத்துவரை நிரப்பாதீர்கள், தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். எடுக்கும்போது அச்சைச் சாதாரணத் தண்ணீரில் சில விநாடி முக்கினால் குச்சியோடு வழுக்கிக்கொண்டு வரும்.

மே 12

தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழத்தை யாரும் தொடமாட்டேன் என்கிறார்கள். எனக்கு அதுதான் வேண்டும். வில்லை வில்லையாக நறுக்கி, இரவு முழுக்க உறையவைத்து, மிக்ஸியில் போட்டால் முதலில் பொடிப்பொடியாகும், பொறுமையாக ஓரத்தை வழித்துவிட்டு ஓட்டினால் திடீரென்று ஐஸ்கிரீம் பதம். பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம்.

அடுத்தது திராட்சை. கழுவி ஈரம் போகத் துடைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைத்தாயிற்று. உறைந்ததை அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்கு உறையாத பழத்தை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள்.