குழாயில் நின்ற காற்று

கானாடுகாத்தான் பக்கம் பழைய நகரத்தார் வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஏசி வேலை எங்கள் தலையில். தேக்கு நிலையிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், தண்ணீரைக் குளிரவைக்கும் ‘சில்லர்’ இயந்திரத்தைக் கொல்லைப்புறத்தில் வைத்து, குளிர்ந்த தண்ணீரைக் குழாயில் அறைகளுக்கு அனுப்பினோம்.

போகிற குழாய்க்கும் திரும்புகிற குழாய்க்கும் அழுத்தத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு டிபி (டிஃபரன்ஷியல் பிரஷர்) சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். உள்ளே மெல்லிய தகடு. இரண்டு பக்கமும் இரண்டு அழுத்தம். தகடு வளைவதுதான் கணக்கு. அறை வால்வுகள் மூடினால் வித்தியாசம் ஏறும், பம்பு மெதுவாகும். திறந்தால் பம்பு வேகமெடுக்கும். வித்தியாசம் 0.5 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) நிற்கும்படி வைத்திருந்தேன்.

சித்திரை வந்தது. இரண்டாம் கட்டு மாடியில் கடைசி இரண்டு அறைகள் குளிரவே இல்லை. திரையில் 0.5 அசையாமல் நிற்கிறது, பம்போ அரைத் தூக்கத்தில் ஓடுகிறது. வால்வைச் சந்தேகப்பட்டேன். குழாயில் குப்பை பிடிக்கும் ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவினேன். குழாய் அளவு போட்டவரை மனசுக்குள் திட்டினேன். சென்சாரை மட்டும் சந்தேகப்படவில்லை. புதுசு, விலை அதிகம், சான்றிதழோடு வந்தது, வேறென்ன வேண்டும்!

வாசலில் ஆத்தங்குடிக் கல் பதிக்க மேஸ்திரி மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டியூப்தான். பையன் ஒரு முனையைத் தூணோடு பிடித்திருக்க, இவர் டியூபை விரலால் சுண்டிக்கொண்டே வந்தார்.

"என்ன அண்ணே பண்றீங்க?"

"குமிழி நிக்குது தம்பி. உள்ள காத்து நின்னா மட்டம் பொய் சொல்லும்."

நேரே கொல்லைக்குப் போனேன். சென்சார் கண் மட்டத்தில் இருந்தால் பார்க்கச் சௌகரியம் என்று, குழாய்க்கு ஒரு மீட்டர் மேலே மாட்டச் சொன்னது நான்தான். சென்சாருக்குப் போகும் சின்னக் குழாய் பெரிய குழாயில் சேரும் இடம், அதாவது டேப்பிங், அதுவும் குழாயின் உச்சியில். தண்ணீரில் வருகிற காற்றெல்லாம் அந்தச் சின்னக் குழாயில் ஏறி உட்கார அதைவிட நல்ல இடம் கிடையாது. அதிக அழுத்தப் பக்கத்தில் ஒரு மீட்டர் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று நின்றால், சென்சார் 0.1 பார் கூடுதலாகக் காட்டும். 0.4 இருக்கும்போதே 0.5 ஆகிவிட்டது என்று பம்பு ஓய்ந்துவிடும்.

சென்சாரில் காற்றை வெளியே விடும் வென்ட் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பினேன். புஸ்ஸென்று காற்று, நுரை, அப்புறம்தான் தண்ணீர். திரையில் 0.4. இரண்டு வினாடியில் பம்பின் சத்தம் மாறியது. மறுநாளே சென்சாரைக் குழாய்க்குக் கீழே இறக்கி, டேப்பிங்கைப் பக்கவாட்டுக்கு மாற்றினோம்.

காற்றின் அழுத்தத்தை அளக்கும்போது இதெல்லாம் தலைகீழ். அங்கே எதிரி தண்ணீர். டியூபின் தொங்கலில் ஈரம் சேர்ந்தாலே கணக்குக் கெடும். அதனால் சென்சார் மேலே இருக்க வேண்டும். ஏசியில் காற்றை வடிகட்டும் ஃபில்டர் அடைத்து, அதன் இரண்டு பக்க அழுத்த வித்தியாசம் 250 பாஸ்கலைத் தொட்டால் அலாரம் அடிக்க வைத்திருந்தோம். சுண்ணாம்புத் தூசியில் அது தினமும் கத்த, நிஜமா பொய்யா என்று தெரிய மேஸ்திரியிடம் ஒரு முழம் டியூப் வாங்கி, யு மாதிரி வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஃபில்டரின் இரண்டு பக்கமும் மாட்டினேன். 250 பாஸ்கல் என்றால் தண்ணீர் மட்டத்தில் ஒரு இஞ்ச் வித்தியாசம். ஸ்கேலை வைத்தேன், ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது. மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "சுண்டிப் பாத்தியா?" என்றார்.