ரிப்போர்ட் நார்மல், காதுக்குள் சில்வண்டு

மார்கழிக் குளிரிலும் ஃபேனை ஓடவிட்டுத்தான் படுத்தேன். அந்தச் சத்தம் இருந்தால்தான் காதுக்குள் சில்வண்டு மாதிரி ஓயாமல் கேட்கும் இரைச்சல் (டின்னிடஸ்) கொஞ்சம் அமுங்கும். போன வாரம்தான் மறுபடி ஃபேன் இல்லாமல் தூங்க முடிந்தது.

முதலில் பார்த்த இ.என்.டி. டாக்டர், அழுக்கு இல்லை, சவ்வும் நன்றாக இருக்கிறது என்றார். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமில் இரண்டு காதும் 20 டெசிபலுக்குள், அதாவது நார்மல். "கேக்குறதுல ஒரு குறையுமில்ல, கண்டுக்காம விடுங்க" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் விழுங்கியும் பலனில்லை.

மறுபடி திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, மூன்று மணி நேரம் காத்திருந்தால், "உங்க ஃபைலைக் காணோம், திரும்ப டெஸ்ட் எடுங்க" என்கிறார்கள் கவுன்டரில். அன்றைக்குப் பார்த்து டெஸ்ட் எடுப்பவர் லீவு. ஒரு நாள் சம்பளம் போச்சு. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ரிப்போர்ட் கைக்கு வந்ததுமே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விடை கிடைத்தது ஒரு ஆடியாலஜிஸ்டிடம், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரிடம். வழக்கமான டெஸ்ட் 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள சுருதிகளைத்தான் பார்க்கும், அதற்கு மேல் பழுதிருந்தால் அந்தத் தாளில் தெரியாது என்றார் அந்தம்மா. வெளியிலிருந்து வரும் பெரும் சத்தத்தால் உள்காதின் நரம்பு இணைப்புகள் அறுந்துபோயும் ஆடியோகிராம் பழையபடியே வரலாமாம். 2009-இல் சுண்டெலிகளிடம் இதைக் கண்டிருக்கிறார்கள். எனக்கு 16,000 வரை பார்த்தார், குறையில்லை. பிறகு, "பல்லை நல்லா இறுக்கிக் கடிங்க" என்றார். கடித்தேன். சில்வண்டு இரட்டிப்பாகக் கத்தியது! கழுத்தை இடப்பக்கம் திருப்பினால் சுருதியே மாறியது. தாடையிலிருந்தும் கழுத்திலிருந்தும் வரும் நரம்புகள் மூளைத்தண்டில் கேட்கும் பாதையோடு சேர்கின்றன, அதனால்தான் இந்த மாற்றம். அரை நிமிட வேலை. எட்டு மாதத்தில் ஒருவர்கூட இதைச் செய்யச் சொல்லவில்லை.

அடுத்து பல் டாக்டரிடம் போனேன். வாயைத் திறந்ததுமே அவர் கடைவாய்ப் பற்கள் தேய்ந்திருப்பதைக் காட்டினார். தூக்கத்தில் பல் கடிக்கிறேன். தூங்கும்போது பல்லில் மாட்டும் உறையும் (நைட் கார்டு) தாடைப் பயிற்சியும் கொடுத்தார். இரைச்சல் முழுக்கப் போகவில்லை, ஆனால் இப்போது காதைக் கூர்ந்து வைத்தால்தான் கேட்கிறது.

எல்லாருக்கும் தாடைதான் காரணம் என்று இருந்துவிடாதீர்கள். ஒரே காதில் மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ தள்ளிப்போடவே கூடாது. ஒரு பக்கம் என்றால் காது நரம்பில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், துடிப்பென்றால் ரத்தக்குழாய், ரத்தசோகை, தைராய்டு எல்லாம் பார்ப்பார்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் எழுதிக் கொண்டுபோங்கள். ஆஸ்பிரின் அளவு மிகவும் கூடினால் காது இரையலாம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

அடுத்த மாதம் கார்டைச் சரிபார்க்கப் போகிறேன். இந்தத் தடவை எல்லாத் தாளும் என் பையில்.