லெவல் டூ பாஸ்: ரீட் சேப்டர்ல ஓபி யூனிட்டை மட்டும் விட்டுடாதீங்க

சிஎஃப்ஏ (முதலீட்டு ஆய்வாளர்களுக்கான பரீட்சை) லெவல் டூ ரிசல்ட் வந்துடுச்சு, பாஸ், அப்பாடா. என்ன கேள்வி வந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க, சொன்னா எதிக்ஸ் வயலேஷன், வாங்குன பாஸும் போயிடும். நான் ரீட் (REIT, வாடகை வர்ற பில்டிங்குகளை வச்சிருக்கிற கம்பெனி) பத்தியே தான் ஜாஸ்தி பேசுவேன், ஏன்னா நான் போன கோச்சிங்ல அதை ஃபார்முலாவா எழுதிப் போட்டுட்டு அடுத்த சேப்டருக்குப் போயிட்டாங்க, அந்தக் கடுப்பு இன்னும் போகல.

அமெரிக்க ரீட்ல நிறைய அப்ரீட் (UPREIT) டைப், 1992ல டாப்மன் சென்டர்ஸ்ங்கிற மால் ரீட் ஆரம்பிச்சு வச்சது. பில்டிங் எல்லாம் ஆபரேட்டிங் பார்ட்னர்ஷிப் கையில, லிஸ்ட் ஆன ரீட் அதுல பெரிய பங்காளி. பழைய ஓனர் பில்டிங்கைக் குடுத்துட்டு காசுக்குப் பதிலா ஓபி யூனிட் (அந்த ஆபரேட்டிங் பார்ட்னர்ஷிப்ல ஒரு பங்கு) வாங்கிக்குவார், அமெரிக்க வரிச் சட்டத்தோட செக்‌ஷன் 721 புண்ணியத்துல டாக்ஸ் அப்போதைக்குத் தள்ளிப்போகும். ரீட் அந்த பார்ட்னர்ஷிப்பை முழுசா கன்சாலிடேட் பண்றதால (தன் கணக்கோட சேர்த்துக் காட்டுறதால) வாடகை மொத்தமும் அதோட கணக்குல வரும், ஆனா லாபத்துல ஒரு பங்கு யூனிட்காரங்களுது, அதுதான் கீழ நான்கன்ட்ரோலிங் இன்ட்ரஸ்ட்னு கழியுது.

என் வழி ஒண்ணே ஒண்ணு: ஒவ்வொரு நம்பர் பக்கத்துலயும் "யாருது?"ன்னு எழுதுங்க. நெட் இன்கம் 100 மில்லியன்னு வைங்க. ஜேவி (கூட்டு முயற்சி) பங்காளிக்கு 4, பிரிஃபர்டு ஷேர்காரங்களுக்கு 6, மீதி 90. ஷேர் 45 மில்லியன், யூனிட் 5 மில்லியன், அப்ப யூனிட்காரங்களுக்கு 10 சதவீதம், அதாவது 9. ஷேர்ஹோல்டருக்கு 81, இபிஎஸ் (ஒரு ஷேருக்கு லாபம்) 1.80 டாலர். யூனிட் எல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணா ஷேரா மாறினாலும் 90ஐ 50ஆல வகுக்கணும், அதே 1.80 தான்.

இப்ப எஃப்எஃப்ஓ, அதாவது லாபத்தோட பில்டிங் தேய்மானத்தைத் திருப்பிக் கூட்டின நம்பர். தேய்மானம் 60, அதுல ஜேவி பங்கு இல்லன்னு வச்சுக்கோங்க. 90 கூட 60, அந்த 150ஐ 50ஆல வகுத்தா 3.00. இல்ல ஷேர்ஹோல்டர் பங்கு மட்டும்னா 81 கூட தேய்மானத்துல 90 சதவீதமான 54, அதை 45ஆல வகுத்தாலும் 3.00. மேல எல்லாரோட காசையும் வச்சுட்டு கீழ ஷேரை மட்டும் போட்டா 3.33 வரும். கொஞ்சம் அழகான நம்பரா வேற இருக்கும், ஆப்ஷன்ல கண்டிப்பா உக்காந்திருக்கும்.

மத்ததெல்லாம் வேகமா:
- பழைய நோட்ஸ்ல மைனாரிட்டி இன்ட்ரஸ்ட் (நான்கன்ட்ரோலிங்கோட பழைய பேரு) நெட் இன்கமுக்கு மேலயே கழிஞ்சிருக்கும். எஃப்ஏஎஸ் 160ங்கிற அமெரிக்கக் கணக்கு விதி வந்து 2009லேர்ந்து நெட் இன்கம்னா எல்லாரோடதும் சேர்த்து, பிரிக்கிறது அதுக்குக் கீழ. அந்த நோட்ஸை எடைக்குப் போடுங்க.
- யூனிட்டைத் திருப்பிக் குடுக்கும்போது ஷேரா தர்ற உரிமை ரீட் கையில இருந்தா பொதுவா ஈக்விட்டி, யூனிட்காரர் கேட்டா கேஷே குடுத்தாகணும்னா டெம்பரரி ஈக்விட்டி (பேலன்ஸ் ஷீட்ல கடனுக்கும் ஈக்விட்டிக்கும் நடுவுல).
- எதிக்ஸை கடைசி வாரம் ரெண்டு தடவ படிங்க.
- மாக் டெஸ்ட் எழுதி எழுதி தேயாதீங்க. இது என் சுபாவம், சிலருக்கு மாக் தான் சரிவரும்.

அதுக்குப் பதிலா சைமன் ப்ராப்பர்ட்டிங்கிற ரீட்டோட டென்-கே (வருஷாந்திர ரிப்போர்ட்) ஒண்ணு எடுங்க. கம்பெனிக்கும் எல்பிக்கும் (அதோட ஆபரேட்டிங் பார்ட்னர்ஷிப்) ஒரே ஃபைலிங், இன்கம் ஸ்டேட்மென்ட் ரெண்டு. கம்பெனிதுல லிமிடெட் பார்ட்னர்ஸ் (யூனிட்காரங்க) பங்கு நான்கன்ட்ரோலிங்னு வெளிய போகும், எல்பிதுல அதே ஆளுங்க ஜெனரல் பார்ட்னருக்கு (அதாவது கம்பெனிக்கு) கீழ சொந்தக்காரங்களா நிப்பாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பென்சில்ல கோடு போட்டுப் பாருங்க.